பாஸ்போர்ட் இருந்த இடத்தில் வெல்லம்

அத்தியாயம் 4

பாஸ்போர்ட்டைக் காணோம் என்று காவல் நிலையத்துக்குப் போனால் மனு எழுதச் சொல்வார்கள். கலாவதி மேடத்திடம் வந்தால், "காலையில இன்னா டிபன்?" என்று கேட்பார். இரண்டில் எது மேல் என்று நான் கருத்துச் சொல்வதாக இல்லை. எனக்குச் சம்பளம் கொடுப்பவர் மேடம்.

"வெண்பொங்கல்" என்றாள் கீர்த்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சக்கரைப் பொங்கல் இல்லியே?"

"இல்ல மேடம். அப்பாவுக்கு சுகர். எங்க வீட்ல இனிப்பே கிடையாது. வெல்ல டப்பாவை அம்மா பூட்டிதான் வெச்சிருப்பாங்க."

"அப்ப இது எங்கேர்ந்து வந்திச்சு?"

மேடம் குடை நுனியால் கீர்த்தியின் மாடி அறையில் இருந்த பீரோவின் நடுத்தட்டைக் காட்டினார். பட்டுச் சேலைகளுக்குப் பக்கத்தில், நேற்று இரவு வரை கீர்த்தியின் பாஸ்போர்ட் இருந்த இடத்தில், ஒரு வெற்றிலை கிடந்தது. வெற்றிலையின் மேல் எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை வெல்லம். அதைச் சுற்றி ஊர்ப்பட்ட எறும்புகள். கல்யாணப் பந்தியில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையை நான் பார்த்ததில்லை.

"பாஸ்போர்ட்டை எடுத்துக்கினு அந்த எடத்துல வெல்லம் வெச்சிட்டுப் போயிருக்கான்" என்றேன். "எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போல, மேடம்."

"ஜான்சா, வாயை மூடு. எறும்பு பூந்துடும்."

இங்கே எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மேடம் கல்யாண விசாரணையில் பெயர் போனவர். மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்குக் கோபம் வருமா என்று காஞ்சிபுரம் முழுக்க விசாரித்துச் சொல்வதுதான் அவர் தொழில். 'வீட்டைப் பத்தித் தெரியணும்னா எதிர் வீட்டைக் கேளு' என்பது அவருடைய கொள்கை. போன வருடம் பலகையில் 'துப்பறிவாளர்' என்று சேர்த்துக்கொண்டார். நான் ஜான்சன். உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, பலகைக்குப் பெயின்ட் அடித்தவன்.

கீர்த்தியின் தொழில் இன்னும் வேடிக்கையானது. சேலைக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, நீராவி விட்டு, பெட்டியில் வைத்துக் கொடுப்பாள். பெட்டியைத் திறந்து கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதற்கு இங்கே கூட்டம் அலைமோதியது. இப்போது நெதர்லாந்தில், ஐன்ட்ஹோவன் என்ற ஊரில், கடை போடப் போகிறாள். அந்த ஊரில் நம்முடைய கம்ப்யூட்டர் ஜனம் ஏராளம். ஆசையாகப் பட்டுச் சேலை வாங்கி வைத்திருக்கிறார்கள், கட்டத் தெரியவில்லை.

"அங்க ஒரு நிறுவனம் புதுசா தொழில் தொடங்குறவங்களுக்குக் கை கொடுக்குது மேடம்" என்றாள் கீர்த்தி. "ஒரே ஒரு ஆளுக்குத்தான் எடம். செவ்வாய்க்கிழமை நான் நேர்ல போய் நிக்கணும். இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும். ராத்திரி ஃப்ளைட். சாயந்தரம் கார் வருது. விசா அந்த பாஸ்போர்ட்லதான் இருக்குது!"

"அடுத்த ஆளு யாரு?"

"வசந்த். முன்னாடி என் பார்ட்னர். வெல்க்ரோ வேட்டி பண்றான்."

கீழ்த்தளத்தில் கீர்த்தியின் அப்பா பரமசிவம் தறிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தறியின் நாடா ஓடவில்லை. கையால் நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தார். மகள் வெளிநாடு போகக் கூடாது என்று ஆறு மாதமாகப் போராடுகிறவர் அவர். பிள்ளையார்பாளையம் முழுக்க அவருடைய வாதங்கள் பிரபலம். 'அந்த ஊரு கடலுக்குக் கீழ இருக்குதாமே? தண்ணி வந்தா எங்கே போவா?' என்று டீக்கடையில் பார்த்தவர்களை எல்லாம் கேட்டிருக்கிறார். 'ஊருக்கே சேலை நெய்ற குடும்பம், இவ மடிச்சிக் குடுக்கப் போறாளாம்' என்பது இன்னொன்று. ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன் என்று சூளுரைத்தும் விட்டார்.

இன்று மட்டும் அவர் வாயே திறக்கவில்லை.

"இன்னாண்ணே, கொசுவா?" என்று மேடம் கேட்டார்.

"ஆமாமா. கொசு" என்றார் பரமசிவம், சொறிவதை நிறுத்தாமல்.

வாசலுக்கு வந்ததும் நான் கிசுகிசுத்தேன். "கேஸ் முடிஞ்சிது மேடம். அப்பாதான். போகக் கூடாதுன்னு ஒளிச்சி வெச்சிருக்காரு."

"அவரு ஒளிச்சா வெல்லம் ஏன்டா வெக்கிறாரு? வெல்லம் எங்கேர்ந்து வந்திச்சுன்னு பாப்போம். அந்த வசந்தோட மாமா எங்கே கடை வெச்சிருக்காரு, தெரியுமா?"

"எங்கே?"

"வாலாஜாபாத்ல. வெல்ல மண்டி."

நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

* * *

வாலாஜாபாத் மண்டியில் வசந்த் ஒரு செல்போனை மூட்டை மேல் சாய்த்து வைத்து, அதன் முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தான். "அவிழாது, நழுவாது, ஒரு கையால் கட்டலாம்." இடுப்பில் வெள்ளை வேட்டி. எங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஓடினான்.

ஓடுகிற குற்றவாளியைத் துரத்திப் பிடிப்பது உதவியாளன் கடமை. ஆனால் எனக்கு வேலையே வைக்கவில்லை. வேட்டியின் வெல்க்ரோ பக்கத்திலிருந்த சாக்கு மூட்டையைக் கப்பென்று பிடித்துக்கொண்டது. வசந்த் இரண்டு அடி போனான், மூட்டை இழுத்தது, 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். வேட்டி மூட்டையோடு நின்றுவிட்டது. வசந்த் பூப்போட்ட அரைக்கால் சட்டையில் நின்றான்.

"அவிழாதுன்னு சொன்னியே" என்றேன்.

"சாக்குப் பக்கத்துல நின்னா மட்டும் ஒரு சின்ன பிரச்சனை இருக்குதுண்ணா."

"ஏன்பா ஓடுனே?" என்றார் மேடம்.

"நீங்க கல்யாண விசாரணைக்கு வந்தீங்கன்னு நெனச்சேன் மேடம். போன தடவை நீங்க வந்து விசாரிச்சிட்டுப் போனதும் எனக்குப் பொண்ணு தரமாட்டேன்னுட்டாங்க."

"நான் உண்மையைத்தான் சொன்னேன். பையன் நல்லவன், வேட்டி நிக்காதுன்னேன்."

மேடம் சுற்றிலும் பார்த்தார். மண்டி முழுக்க வெல்லம். ஒரு துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு அடுக்கிலிருந்து ஒன்று. எல்லாம் அச்சில் வார்த்தவை, சின்னச் சின்னதாக, அடி தட்டையாக.

"உருண்டை வெல்லம் இல்லியா?"

"நாங்க அச்சு வெல்லம் மட்டும்தான் மேடம்."

எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. மேடத்துக்கு ஆகவில்லை. அச்சு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டார். "கீர்த்தியோட பாஸ்போர்ட் காணோம்பா. இன்னிக்கி சாயந்தரம் அவ கிளம்பணும்."

வசந்த் உண்மையாகவே திடுக்கிட்டான். "ஐயையோ, நான் எடுக்கல மேடம்! அவ போகலன்னா என் முறைதான், ஒத்துக்கிறேன். ஆனா இந்த வேட்டியைக் கட்டிக்கினு எந்த தைரியத்துல நான் நெதர்லாந்து போவேன்? அங்க சைக்கிள் ஓட்றாங்களாமே!" பிறகு விரல் விட்டு எண்ணினான். "ஆமா, இன்னிக்கா கிளம்புறா? ஞாயித்துக்கெழமையாச்சே. மேக்க சூலம். வெல்லமாவது வாயில போட்டுக்கினு போவச் சொல்லுங்க மேடம்."

மேடம் மெல்லுவதை நிறுத்தினார்.

அவர் மெல்லுவதை நிறுத்தினால் கேஸில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஸ்கூட்டரை எடு" என்றார்.

"வேட்டியை எடுத்துக் குடுத்துட்டுப் போங்கண்ணா" என்று வசந்த் பின்னால் கத்தினான்.

* * *

பாதி வழியில் மேடமே பேச்சைத் தொடங்கினார்.

"ஜான்சா, சூலம்னா தெரியுமா?"

"திரிசூலம் ஸ்டேஷன் தெரியும்."

"ஒவ்வொரு கெழமையும் ஒரு தெசையில பயணம் போவக் கூடாது. ஞாயித்துக்கெழமை மேக்க. போயே ஆவணும்னா அதுக்குப் பரிகாரம் உண்டு. கெழக்கன்னா தயிரு, மேக்கன்னா வெல்லம். நெதர்லாந்து எந்தப் பக்கம்?"

"மேக்க."

"திருடன் எடுத்துக்கினுதான் போவான். இவன் வெல்லம் வெச்சிட்டுப் போயிருக்கான். அப்படின்னா?"

நான் பிரேக் போட்டேன். "எடுத்தவங்க கீர்த்தி போகக் கூடாதுன்னு எடுக்கல. நல்லபடியா போய்ச் சேரணும்னு எடுத்திருக்காங்க!"

"பரவால்ல, சம்பளத்துக்கு வேலை செய்ற. இதுக்குப் பேரு பரஸ்தானம். கிளம்புற நேரம் சரியில்லன்னா, முன்னாடியே ஒரு நல்ல நேரம் பாத்து, போறவங்களோட சாமான் ஒண்ணை எடுத்துக்கினு போய் வேற வீட்ல வெச்சிடுவாங்க. அப்பவே பயணம் ஆரம்பிச்சிட்ட கணக்கு. அப்பறம் ராகு காலத்துல கிளம்பினாலும் ஒண்ணும் ஆவாது. போற வழியில அதை வாங்கிக்கினு போவணும். ஒரே ஒரு விதி. வெச்ச சாமான் திரும்ப வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"அதாவது ஆளு வீட்ல தூங்கும்போது செருப்பு மட்டும் முன்னாடி ஊருக்குப் போயிடும்."

"செருப்பு வெச்சா செருப்பு. இந்தப் புத்திசாலி பாஸ்போர்ட்டை வெச்சிருக்காங்க."

"யாரு மேடம்?"

"பொண்ணு நல்லா இருக்கணும்னு யாருடா நெனைப்பா?"

வீட்டுக்குப் போனதும் கீர்த்தியின் அம்மா தையல்நாயகியை மேடம் நேராகவே கேட்டார். "அக்கா, பரஸ்தானம் வெச்சீங்களா?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "உங்களுக்கு எப்படிமா தெரியும்?"

"அம்மா!" என்று கீர்த்தி கத்தினாள். "பஞ்சாங்கம் எல்லாம் வேணான்னு எத்தினி தடவை சொன்னேன்? எங்கே வெச்சீங்க?"

"எதிர் வீட்லதான்டி. வா காட்றேன்."

எதிர் வீட்டைக் கேள் என்ற கொள்கை வென்றது. மேடம் என்னைப் பெருமையாகப் பார்த்தார். எதிர் வீட்டம்மா பூஜை அறையிலிருந்து ஒரு பெரிய மூட்டையைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பிரித்தோம். உள்ளே குழாயும் கம்பியுமாக, சேலைக்கு நீராவி விடுகிற ஸ்டீமர் இருந்தது.

"ஸ்டீமர்!" என்றாள் கீர்த்தி. "நேத்து முழுக்கத் தேடினேனேம்மா இதை! பாஸ்போர்ட் எங்கே?"

"பாஸ்போர்ட்டை நான் எதுக்குடி தொடப்போறேன்? தொழிலுக்குத்தானே போற? தொழில் சாமானை வெச்சேன்."

மேடத்தின் பெருமை இறங்கிவிட்டது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

"அக்கா, பீரோவுல வெல்லம் வெச்சது நீங்க இல்லியா?"

"வெல்லம் எதுக்கு? வெல்லம் மேக்க போறவங்களுக்கு. இவ மொதல்ல ஏர்போர்ட்டுக்குத்தான போவணும்? ஏர்போர்ட் கெழக்க இருக்குது. கெழக்க இன்னிக்கி சூலமே இல்ல."

அப்போதுதான், தெருவைத் தாண்டி, தறிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. காலையிலிருந்து கேட்காத குரல்.

"ஏர்போர்ட்லயா கடை போடப் போறா? மேக்கதான கணக்கு!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது பரமசிவத்துக்கே புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேடம் மெதுவாகத் தெருவைக் கடந்தார். குடை நுனியால் பரமசிவத்தின் சட்டைப் பையைக் காட்டினார். பையின் விளிம்பில் எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"அண்ணே, எந்த ஊர்க் கொசு பட்டப்பகல்ல சட்டைப் பைக்குள்ள வரிசை கட்டிக்கினு போவுது?"

பரமசிவம் பையிலிருந்து மீதி உருண்டை வெல்லத்தை எடுத்துத் தறிப் பலகையில் வைத்தார். தையல்நாயகி அம்மாவுக்குப் பாஸ்போர்ட் மறந்துபோனது. "சுகரை வெச்சிக்கினு வெல்லமா? எங்கே ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

"தறிக்குழியில. மாடத்துல" என்றார் அவர், குனிந்த தலையோடு.

கீர்த்தி அவர் முன்னால் வந்து நின்றாள். "ஆறு மாசமா போகாதே போகாதேன்னு சொன்னீங்களேப்பா."

"அது வேற. இது வேற. போறதுன்னு ஆயிடிச்சி, சூலத்துலயும் ராகு காலத்துலயுமா அனுப்புவாங்க? காலையில நல்ல நேரம் பாத்தேன். போறவங்க வெல்லம் சாப்ட்டுப் போவணும். பாஸ்போர்ட் எப்படிமா சாப்டும்? அது இருந்த எடத்துல வெச்சிட்டு எடுத்துக்கினு போனேன்."

பாஸ்போர்ட்டுக்கு வெல்லம் ஊட்டப் பார்த்த ஒரு மனிதரை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன். கீர்த்தியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"அப்ப குடுத்துட வேண்டியதுதானேண்ணே" என்றார் மேடம். "ஏன் காலையிலேர்ந்து வேத்துக்கினு உக்காந்திருக்கீங்க?"

"மேக்க ஊர் எல்லையில தேவசகாயம் பஞ்சர் கடையில குடுத்தேன்மா. மஞ்சத் துணியில கட்டி, கூடவே ஒரு தேங்காயும் கொஞ்சம் வெல்லமும் வெச்சி. 'பொண்ணு சாயந்தரம் வந்து வாங்கிக்கும், வீட்டுக்கு மட்டும் திருப்பி அனுப்பாத'ன்னு சொன்னேன். இவ தேட ஆரம்பிச்சதும் ஓடிப் போய்ப் பாத்தேன். கடை பூட்டியிருக்குது. போனும் எடுக்கல. அவன் என்னா மேக்க போய்ட்டானா, கெழக்க போய்ட்டானா, ஒண்ணும் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை, பஞ்சாங்கத்தைப் பத்துத் தடவை புரட்டி, நல்ல நேரம் குறித்து, தெசை குறித்து, கடைசியில் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு சர்ச்சுக்குப் போகிற ஒரு கிறிஸ்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

"ஐயா" என்றேன் நான். "தேவசகாயம் அண்ணன் எங்க சபைக்காரரு. இன்னிக்கி அறுப்பின் பண்டிகை. எல்லாரும் சர்ச்சுலதான் இருப்பாங்க."

"நீ ஏன்டா போகல?" என்று மேடம் கேட்டார்.

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். காரைச் சீக்கிரம் வரச் சொல்லி, பெட்டி படுக்கை, ஸ்டீமர், அம்மா, அப்பா எல்லாவற்றையும் ஏற்றினோம். ராகு காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

* * *

அறுப்பின் பண்டிகை என்றால், அவரவர் விளைச்சலையும் பொருளையும் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். மாலையில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். நாங்கள் சர்ச்சுக்குள் நுழைந்தபோது செயலாளர் இளவரசன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வெடக்கோழியை விற்று முடித்திருந்தார்.

தேவசகாயம் அண்ணன் பின்னால் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் கரண்டி.

"மஞ்சத் துணி மூட்டையா? கடையில என் பூசணிக்காய் பக்கத்துல வெச்சேனே" என்றார். பிறகு கரண்டி நின்றது. "கங்கை! கடையில இருந்த பூசணிக்காயை எடுத்துக்கினு வந்தியே, கூட இருந்த மூட்டை?"

அவர் மனைவி கங்கையம்மாள் வெள்ளந்தியாகச் சிரித்தார். "அதையும்தான் படைச்சிட்டேன். நீங்க காணிக்கைக்கு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்."

மைக்கில் இளவரசனின் குரல் கணீரென்று கேட்டது. "அடுத்து ஒரு மஞ்சள் மூட்டை! உள்ளே என்னன்னு தெரியாது! உருண்டையா ஒண்ணு இருக்குது, தட்டையா ஒண்ணு இருக்குது! யாரு கேக்குறீங்க?"

நான் பாய்ந்து போய்க் கத்தினேன். "நிறுத்துங்க! அதுல பாஸ்போர்ட் இருக்குது!"

சர்ச் முழுக்கச் சிரித்தது. முன் வரிசையிலிருந்து கிரேஸ் டீச்சர் திரும்பினார். சண்டே ஸ்கூலில் என்னை முட்டிபோட வைத்தவர். "இவன் பேச்சை நம்பாதீங்க! போன வருசம் பூசணிக்காய்க்குள்ள தங்கச் சங்கிலி இருக்குதுன்னு சொல்லி ஏலத்தை ஏத்திவிட்டான். நான்தான் வாங்கினேன். மாசம் முழுக்கப் பூசணிக்காய்க் கூட்டு."

நான் ஏன் பண்டிகைக்குப் போகவில்லை என்பது மேடத்துக்கு இப்போது தெரிந்திருக்கும்.

"டீச்சர், நெசமாவே இந்தத் தடவை..."

"ஜான்சன் இவ்ளோ துடிக்கிறான்னா உள்ளே ஏதோ இருக்குது" என்றார் கிரேஸ் டீச்சர். கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவர் ஏற்றினார். நானும் ஏற்றினேன். என் பர்ஸின் கொள்ளளவு எனக்குத் தெரியும். அவருடைய பென்ஷனின் கொள்ளளவு அதைவிடப் பெரியது. இளவரசன் மூன்று தரம் சொல்லி மூட்டையை டீச்சரிடம் கொடுத்துவிட்டார்.

டீச்சர் முடிச்சை அவிழ்த்தார். தேங்காய். வெல்லம். பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டைப் பிரித்தார். விசாப் பக்கத்திலிருந்து ஒரு எறும்பு இறங்கி அவர் கைக்கு நடந்து போனது. போட்டோவைப் பார்த்தார். கீர்த்தியைப் பார்த்தார்.

"உன்னுதா?"

"ஆமா டீச்சர்." கீர்த்தி கையை நீட்டினாள். "இன்னிக்கி ராத்திரி ஃப்ளைட்."

"எங்கே போற? இன்னா வேலைக்கு?"

"வேலைக்கு இல்ல டீச்சர். கடை வெக்க. சேலைக்குக் கொசுவம் மடிச்சிக் குடுக்குற கடை."

டீச்சர் தன் பட்டுச் சேலையைக் குனிந்து பார்த்தார். காலையிலிருந்து பாட்டுப் பாடி, ஏலம் கேட்டு, கொசுவம் எப்போதோ கலைந்து பந்தாகி இருந்தது. "அப்ப இதைச் சரி பண்ணிட்டு எடுத்துக்கினு போ. காசு குடுத்து வாங்கினது, சும்மா தரமாட்டேன்."

கீர்த்தி காரிலிருந்து ஸ்டீமரை எடுத்து வந்தாள். பக்கத்து அறையில் டீச்சரை நிறுத்தினாள். அவள் கை போன வேகத்தை நான் கதவிடுக்கில் பார்க்கவில்லை, கங்கையம்மாள் சொல்லித்தான் கேட்டேன். டீச்சர் வெளியே வந்தபோது சேலை கத்தி மாதிரி நின்றது. சபையின் மகளிர் ஐக்கியம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அடுத்த கணம் அறை வாசலில் வரிசை நின்றது.

"மா, எனக்கும்..."

"எனக்கு முந்தானை மட்டும்மா..."

"ஃப்ளைட் இருக்குதுங்க!" என்று மேடம் குடையை நீட்டி வரிசையைத் தடுத்தார்.

பரமசிவம் தூணோரமாக நின்று அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரிசையில் பாதிப் பேர் கட்டியிருந்தது காஞ்சிப் பட்டு. அதில் இரண்டு மூன்று அவரே நெய்ததாகக்கூட இருக்கலாம்.

"அத்தினி பேருக்கும் கட்டத் தெரியல பாரு" என்றார் என்னிடம். குரலில் கோபம் இருந்ததா, கர்வம் இருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் உதவியாளன்தான்.

கார் கிளம்பத் தயாராக நின்றது. கீர்த்தி கையில் பாஸ்போர்ட்டோடு அவரிடம் வந்தாள்.

"அப்பா. ஏர்போர்ட் வரைக்கும் வாங்கப்பா."

"வரல."

"இன்னும் கோவமா?"

"கோவம் எல்லாம் இல்லமா." பரமசிவம் அந்த மஞ்சள் துணியை வாங்கி நான்காக மடித்தார். "நீ காலையிலயே கிளம்பிட்ட. நான்தான் உன்னை மடியில வெச்சிக்கினு இந்தப் பக்கம் வரைக்கும் வந்து விட்டுட்டுப் போனேன். இன்னொரு தரம் அனுப்ப எனக்குத் தெம்பு இல்ல."

கீர்த்தி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையல்நாயகி அம்மா காரில் உட்கார்ந்தபடியே அழுதார். நான் ஏலத்தில் விலை போகாத வாழைத்தாரை ஆராய்ந்துகொண்டிருந்தேன். கிரேஸ் டீச்சர் வெல்லத்தில் ஒரு துண்டு கிள்ளிக் கீர்த்தியின் வாயில் போட்டார். "உங்க கணக்குல இதுவும் வேணுமாமே" என்றார்.

கார் நகர்ந்தது. வாசலைத் தாண்டித் திரும்பும்போது பரமசிவம் பின்னாலேயே ஓடினார். ஆறு மாதம் அடக்கி வைத்திருந்த ஒரே அறிவுரையைக் கைகளைக் குவித்துக் கத்தினார்.

"மாடி வீடா பாத்து எடு! தண்ணி வந்தா மேல ஏறிக்கோ!"

"சரிப்பா!" என்று கீர்த்தியின் குரல் வந்தது.

கார் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் அவர் ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தார். மடித்த மஞ்சள் துணியால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மேடம் அவர் பக்கத்தில் போய்க் குடையை விரித்துப் பிடித்தார்.

"இன்னாண்ணே, கொசுவா?"

"ஆமாமா" என்றார் பரமசிவம். "கொசு."